ஈடு

ஒருவர் வீட்டுப் பொருளை நாம் உடைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீங்கான் கோப்பையோ, சுவர்க் கடிகாரமோ, ஏதோ ஒன்று. உடனே நம் வாயில் வருகிற வார்த்தை, "வேறு வாங்கித் தந்துவிடுகிறேன்" என்பதுதான். அவரும் மரியாதைக்கு, "இருக்கட்டும், அதற்கென்ன?" என்கிறார். நாம் வாங்கித் தருகிறோம். பெரும்பாலும் உடைந்ததைவிட உயர்ந்ததாகவே வாங்கித் தருகிறோம். கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதியோடு அன்றிரவு தூங்குகிறோம்.

அந்தக் கணக்கு உண்மையிலேயே தீர்ந்ததா என்ற சந்தேகம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. தத்துவ நூல் எதையும் படித்து வந்ததல்ல. ஆம்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தபோது வந்தது.

அந்தப் பெட்டிகள் இரண்டும் என் பெரியப்பா மகனுடையவை. அவர் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு வருஷத்துப் போனஸ் பணத்தில் அவற்றை வாங்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் தாழ்ந்த ஒலிக்கு எட்டு அங்குல வூஃபர் ஒன்று, மேல் ஒலிக்கு உள்ளங்கையளவு ட்வீட்டர் ஒன்று. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும், உடம்பில் ஒட்டிக்கொண்டு வரும் தோல் வாசனை போகக் குளித்துவிட்டு, அவற்றின் எதிரே உட்கார்ந்து காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் கேட்பார். அருணாசலம் மறைந்தது 1964இல். அந்தக் கூடத்திலோ அவர் தினமும் வாசித்துக்கொண்டிருந்தார். "நாயனம் எல்லாருக்கும் கேட்கும்டா. தவில் அடிவயித்துல கேட்கணும். அதுக்குத்தான் இந்தப் பெட்டி" என்பார் அண்ணன்.

அண்ணன் காலமாகி மூன்று வருஷமாகிறது. விளக்கு வைத்ததும் அண்ணி அந்தப் பெட்டிகளைக் கொஞ்ச நேரம் மெதுவாகப் பாடவிடுவார். அதை ஒரு சடங்காக அவர் செய்யவில்லை. கூடத்தில் அந்த நேரத்துக்கு அந்தச் சப்தம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தோம். குழந்தைகள் ஆட வேண்டும் என்றார்கள். நான்தான் உற்சாகப்பட்டு, மருமகன் ஒருவனுடைய பெரிய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து அந்தப் பெட்டிகளோடு இணைத்தேன். நான்தான் குமிழைக் கடைசிவரை திருகினேன். பாட்டின் நடுவே இடது பெட்டியில் ஒரு கரகரப்பு, பிறகு கம்பி கருகிய நெடி, பிறகு ஒன்றுமில்லை. ட்வீட்டர் மட்டும் கொசு மாதிரி பாடிக்கொண்டிருந்தது.

"பரவாயில்லை தம்பி, பழைய சாமான்தானே" என்றார் அண்ணி.

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வழக்கம்போல், "வேறு வாங்கித் தந்துவிடுகிறேன், அண்ணி" என்றேன்.

வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, அந்த ரகத்தைச் செய்வதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன என்பது. சென்னையில் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் கேட்டது மூன்று கேள்விகள்: எத்தனை அங்குலம், எத்தனை ஓம், எத்தனை வாட்? எட்டு அங்குலம், எட்டு ஓம் என்றதும் பத்து தினுசு எடுத்து வைத்தார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், "ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க சார். மாத்தினா ரெண்டையும் மாத்திடுங்க" என்றார். வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். அதோடு அது எனக்கு அநியாயமாகவும் பட்டது. எரிந்தது ஒன்று, எரியாத மற்றொன்று என்ன பாவம் செய்தது? குற்றமில்லாததை எதற்காகத் தூக்கி எறிய வேண்டும்? ஒன்று மட்டும் வாங்கினேன். ஆனால் உசத்தியானதாக வாங்கினேன். கனமான காந்தம், ரப்பர் ஓரம், பழையதைப் போல் மும்மடங்கு வாட். அதன் விலை என் குற்றத்துக்குச் சரியாக இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு திருப்தி.

ஆணித் துளைகள் பொருந்தவில்லை. புதிதாகத் துளைத்துப் பொருத்தினோம். பாடவிட்டேன். இடது பக்கம் 'தொம்' என்று ஒரே சுருதியில் அதிர்ந்தது. தவிலின் சொற்கள் எல்லாம் அந்த ஒரே 'தொம்'முக்குள் விழுந்து மறைந்தன. வலது பக்கத்தில் பழைய வூஃபர் தன் குரலில் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒரே கதையை வேறு வேறு ஊர்ப் பேச்சில் சொல்வது போல் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் அண்ணி.

ஒரு மாதம் கழித்துப் போனபோது பெட்டிகளின் மேல் துணி போர்த்தியிருந்தது. அதற்குப் பிறகு அவர் அவற்றைத் தொடவேயில்லை என்று வீட்டுக் குழந்தைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உசத்தியானதைக் கொடுத்து, இருந்ததையும் கெடுத்திருந்தேன்.

இதற்கு விஞ்ஞானம் தெளிவாகவே காரணம் சொல்கிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று வெறும் காற்றல்ல. அது ஒரு வில். வூஃபரின் கூம்பு உள்ளே போகும்போது அது தள்ளுகிறது. வெளியே வரும்போது இழுக்கிறது. ஒவ்வொரு வூஃபருக்கும் அதற்கென்று இயற்கையான ஓர் அதிர்வு உண்டு, ஒரு விறைப்பு உண்டு, தனக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்ற ஒரு கணக்கும் உண்டு. 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவரும், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் என்பவரும் இந்தக் கணக்குகளைச் சூத்திரங்களாக வகுத்து வைத்தார்கள். இன்னும் உலகமெங்கும் அந்த அளவுகளைக் கொண்டுதான் பெட்டியையும் வூஃபரையும் ஜோடி சேர்க்கிறார்கள். ஆகவே 'நல்ல வூஃபர்' என்று தனியாக ஒன்று கிடையாது. இந்தப் பெட்டிக்கு நல்லது என்றுதான் உண்டு. அங்குலமும் ஓமும் வாட்டும் ஜாதகத்தில் பெயரும் ஊரும் எழுதுவது போலத்தான். பொருத்தம் அதற்கு அப்புறம் பார்க்க வேண்டிய சங்கதி.

நான் வாங்கியது பெட்டிக்கு வேண்டியதை அல்ல; என் குற்ற உணர்ச்சிக்கு வேண்டியதை. ஈடு செய்கிறோம் என்று நம்மில் பலர் செய்வது இதுதான் என்று தோன்றுகிறது. யாருக்கு நஷ்டமோ அவருடைய அளவை நாம் எடுப்பதில்லை. நம்முடைய அளவுக்குத் தைத்துக் கொடுத்துவிடுகிறோம்.

தத்துவவாதிகளும் இந்த மாற்று விவகாரத்தை வெகுகாலமாக யோசித்திருக்கிறார்கள். தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் காப்பாற்றி வைத்தார்களாம். பலகை உளுத்துப்போகப் போகப் புதுப் பலகை போட்டார்கள். கடைசியில் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள் என்று புளூடார்க் எழுதுகிறார். நம் பக்கத்தில் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் ரதத்தைக் காட்டிக் கேட்கிறார்: சக்கரம் ரதமா, அச்சு ரதமா, நுகம் ரதமா? எதுவுமில்லை. எல்லாம் சேர்ந்திருக்கும்போது வழங்குகிற ஒரு பெயர்தான் ரதம்.

இரண்டும் அழகான வாதங்கள். ஆனால் ஒரு கேள்வியை இருவருமே விட்டுவிட்டார்கள். பலகையை உடைத்தவன் யார்? உளுத்துப்போன பலகைக்கு மாற்றுப் போடுவது ஒரு காரியம். நான் உடைத்த பலகைக்கு மாற்றுப் போடுவது வேறு காரியம். முன்னதில், 'இது அதே கப்பலா?' என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பின்னதில் அந்தக் கப்பலில் போக வேண்டியவர் கரையில் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்பதுதான் முதல் கேள்வி.

ஆம்பூர்க் கடைத்தெருவில் ரேடியோவும் ஸ்பீக்கரும் பழுது பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். ஊரில் எல்லாருக்கும் அவர் 'பாய்'தான். நான் கதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ரிச்சி தெருவில் ஒருவரும் கேட்காத கேள்வி:

"எரிஞ்சது இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணியைக் கேட்டேன். பேசாமல் பரணைக் காட்டினார். பழைய செய்தித்தாளில் சுற்றி, கயிறு கட்டி, பத்திரமாக இருந்தது. 'பழைய சாமான்தானே' என்று சொன்னவர் அதை எறியவில்லை.

பாய் அதைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். மீட்டரின் முனைகளை வைத்தார். எட்டு ஓம் வூஃபரில் ஏறத்தாழ ஆறு ஓமாவது காட்ட வேண்டும், முள் அசையவில்லை. "காயில் மட்டும்தான் போயிருக்கு. காந்தமும் சட்டமும் கல்லு மாதிரி இருக்கு" என்றார். பிறகு சட்டத்தின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் காட்டினார். பென்சிலில் ஒரு தேதி எழுதியிருந்தது. வருஷம் 2006.

"என் கையெழுத்து. உங்கண்ணன் கொண்டாந்தாரு. ஓரத்து ஸ்பாஞ்ச் தூளாப் போயிருந்தது. ரெண்டுக்கும் புது ஸ்பாஞ்ச் போட்டுக் கொடுத்தேன்."

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. அண்ணனுடைய அசல் குரல் என்று எதை நான் அழித்துவிட்டதாக நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேனோ, அதுவே ஏற்கெனவே பழுது பார்க்கப்பட்ட குரல்! வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தெரியுமே. அப்போ ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தார், சத்தம் மாறிப்போச்சுன்னு. அப்புறம் பழகிட்டார்."

ஆக, அண்ணி தேடியது அசலை அல்ல. மாற்றமே கூடாது என்று அவர் சொல்லவும் இல்லை. முன்பு ஒருமுறை மாறியபோது அந்த வீடு அதற்குப் பழகிக்கொண்டது. நான் கொண்டுவந்ததற்கு மட்டும் ஏன் பழக முடியவில்லை?

பதில் மறுநாள் பாயின் கடையில் கிடைத்தது. "மத்ததையும் கொண்டாங்க" என்றார்.

"அது நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன்.

"ஓரத்தைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். பஞ்சு விரலில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பஞ்சு காற்றிலுள்ள ஈரத்திலேயே காலப்போக்கில் உதிர்ந்துபோகிற சாதி. பத்து, இருபது வருஷம்தான் அதன் ஆயுள்.

"இதுக்குப் புதுக் காயில், புதுக் கோன் போட்டு, அதை அப்படியே விட்டா, இது அதைக் காட்டிக்கொடுக்கும். அது இதைக் காட்டிக்கொடுக்கும். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் நகரணும்" என்றார்.

ரிச்சி தெருக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாதுதான். ஆனால் அதற்காக நல்லதை எறிய வேண்டியதில்லை. அதையும் ஓரடி நகர்த்த வேண்டும். ஒரு ஜோடியில் ஒன்று போனால், வருகிறதுதான் பழையதற்குத் தக்கபடி வளைய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். வீட்டுக்கு வரும் மருமகளிடம் அப்படித்தான் எதிர்பார்க்கிறோம். ஓய்வு பெற்றவரின் நாற்காலியில் வந்து உட்காரும் புதியவரிடமும் அப்படித்தான். இருப்பவர்களும் கொஞ்சம் நகராவிட்டால் எந்த மாற்றும் பொருந்தாது.

பாய் இந்தத் தடவை பஞ்சு போடவில்லை. ஆம்பூர் ஆயிற்றே! செருப்புக்கும் ஷூவுக்கும் உள்ளே வைத்துத் தைக்கிற மெல்லிய ஆட்டுத்தோலில் நறுக்கு விழுந்த துண்டுகளை அவர் எடை போட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் மெல்லியதாகப் பார்த்து, இன்னும் சீவி, வளையமாக வெட்டி, இரண்டு கூம்புகளுக்கும் ஓரம் கட்டினார். இது நாட்டுப்புற வைத்தியம் அல்ல. அமெரிக்காவில் ரைஸும் கெல்லாக்கும் காயிலும் கூம்புமான இந்த ஒலிபெருக்கி முறையை விவரித்து எழுதியது 1925இல். அந்தக் காலத்து ஒலிபெருக்கிகள் சிலவற்றில் ஓரமாக இருந்தது மெல்லிய தோல்தான். ரப்பரும் பஞ்சும் பின்னால் பரவியவை.

அண்ணன் கேட்ட தவிலுக்கும் தோல்தானே வாய்? மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு என்று மூன்றின் தோலும் சேர்கின்றன. தோல் தேய்ந்தால் புது மூட்டுப் போடுகிறார்கள். ஒரு வித்துவானின் மிருதங்கத்துக்கு அவர் ஆயுளில் எத்தனையோ மூட்டுகள் மாறும். கட்டை மட்டும் நிற்கும். ஆனாலும் அவர், "இது என் குருநாதர் கொடுத்த மிருதங்கம்" என்கிறார், நாமும் ஒப்புக்கொள்கிறோம். கட்டை நிற்பதால் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கட்டையின் குணம் தெரிந்து, அந்தக் கையின் பழக்கம் தெரிந்து மூட்டுப் போடுகிற ஒருவர் இருப்பதால்தான். அப்படிப்பட்ட கைவினைஞர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதுவரை பெரும்பாலோர் வித்துவானின் பெயரைத்தான் கேட்டிருந்தார்கள். அதே வாத்தியமாக அது நீடித்ததற்கு யார் காரணம் என்று கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் பாய் டார்ச் விளக்கின் பாட்டரி ஒன்றை எடுத்து இரண்டு வூஃபர்களிலும் தொட்டுக் காட்டினார். இரண்டு கூம்புகளும் ஒரே பக்கமாக, சிறு மூச்சு விடுவது போல் எழும்பின. ஒன்று வெளியே வரும்போது மற்றது உள்ளே போனால், தாழ்ந்த ஒலியை ஒன்றையொன்று தின்றுவிடும் என்றார். பணம் வாங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார்:

"பழைய குரல் அப்படியே வரும்னு நான் சொல்ல மாட்டேன் சார். ரெண்டும் ஒரே குரல்ல பேசும். அதுக்கு நான் பொறுப்பு."

நான் அண்ணிக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அதுதான். நான் சொன்னதோ, "பழசைவிட நன்றாக இருக்கும், பாருங்கள்" என்பது.

பெட்டிக்குப் போட வேண்டிய வூஃபர்களைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கமாக நடந்தேன். அந்த ஊரில் பாலாற்றைப் பற்றி நினைக்காமல் நடக்க முடியாது. தோல் தொழிலின் சரித்திரமே மாற்றுகளின் சரித்திரம்தான். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக் கணக்கில் தோலை ஊற வைத்துப் பதனிட்டார்கள். அதற்கு மாற்றாக வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்தது. பிறகு குரோமியம் வந்தது. வாரக் கணக்கு நாள் கணக்கானது. ஒவ்வொரு மாற்றும் முன்னதைவிட உசத்தி என்றுதான் வந்தது. அந்தத் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அண்ணன் சாப்பிட்டதும் அந்தச் சோறுதான். ஆனால் பெட்டியின் அளவை, அதாவது ஆறும் மண்ணும் எவ்வளவு தாங்கும் என்பதை, எடுக்கவில்லை. கிணறுகள் கெட்டன, வயல்கள் கெட்டன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய நீதி முறையில் ஊன்றிய தீர்ப்பு அது. அதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுப்பது மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் கெடுத்தவருடையதே என்று நீதிபதிகள் இரண்டு கடன்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார்கள். 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே நீதிமன்றம் அதே நிலப்பகுதிக்காக மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. விடுபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும், ஆற்றை மீட்க வேண்டும் என்று. இடையில் இருபத்தெட்டு வருஷங்களுக்கு மேல் போய்விட்டன.

என் ஸ்பீக்கரையும் பாலாற்றையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒன்று என் வீட்டு அசட்டுத்தனம். மற்றது ஒரு ஜில்லாவின் துயரம். ஆனால் தப்பு ஒரே ஜாதி. கிணற்றுக்குப் பதிலாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கிணற்றையே கொடுத்துவிட்டதாக நினைப்பது. வூஃபருக்குப் பதிலாக விலையைக் கொடுத்துவிட்டு, தவிலைத் திருப்பித் தந்துவிட்டதாக நினைப்பது. பணம் கொடுக்க வேண்டியதுதான். அது வேண்டாம் என்று சொல்பவன் ஏமாற்றுக்காரன். அதோடு முடிந்தது என்பவனும் ஏமாற்றுக்காரனே.

மாற்று வேறு, ஈடு வேறு. மாற்றைக் கடையில் வாங்கலாம். ஈடு செய்வதற்கு, போனது என்ன என்று முதலில் கேட்க வேண்டும். எரிந்ததைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மீதி இருப்பதன் அளவுக்குத் தக்கபடி தேட வேண்டும். எவ்வளவு தேடினாலும் திரும்பி வராத மிச்சம் ஒன்று இருக்கும். அதை மறைக்காமல், "இது வராது" என்று சொல்ல வேண்டும். அந்த மிச்சத்தை ஒப்புக்கொள்ளாதவரை, கொடுத்தது எவ்வளவு உசத்தியானாலும் வாங்கினவர் வீட்டில் அதன் மேல் துணிதான் போர்த்தியிருக்கும்.

அன்று சாயங்காலம் வூஃபர்களைப் பெட்டியில் பொருத்தினேன். "பழைய மாதிரி இருக்காது அண்ணி. பாய் சொல்லிவிட்டார்" என்றேன். அவர் தலையசைத்தார். அருணாசலம் வாசிக்கத் தொடங்கினார். தவில் சற்று உலர்ந்தாற்போல் கேட்டது. ஆனால் சொல் சொல்லாகக் கேட்டது, கூடத்தின் நடுவிலிருந்து. அண்ணி சமையலறையிலிருந்து வந்து, குமிழை அண்ணன் வைக்கிற இடத்துக்குத் தணித்துவிட்டு, மறுபடியும் உள்ளே போனார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. போகப் போகப் பழகுமோ என்னவோ. மறுநாள் விளக்கு வைத்ததும் அவரே போட்டார்.

ரிச்சி தெருவில் வாங்கிய அந்த வூஃபர் இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதன் அளவுக்கு ஒரு பெட்டி செய்ய வேண்டும்.